மூன்றாவது முத்திரைக்குப் பிளாஸ்திரி

கடைக்கு வந்தவரைப் பார்த்து, "இனிமே இந்தப் பக்கம் வராதீக" என்று சொல்லி வழியனுப்பி, அதற்காக அவரே கண்கலங்கிக் கும்பிடு போட்டுவிட்டுப் போகும்படி செய்த ஒரே வியாபாரி, எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் வராதீக அண்ணன் மட்டும்தான். ஊரில் மற்ற கடைக்காரர்கள் எல்லாம் 'மீண்டும் வருக' என்று கதவில் எழுதி வைத்துக்கொண்டு ஈ ஓட்டுகிறார்கள். இவர் வராதே வராதே என்று விரட்டியும் கூட்டம் குறையவில்லை. அதுதான் அவருக்கு இருந்த பெரிய வருத்தம்.

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் பின்பக்கம், மருந்துக்கடைகளும் ஸ்கேன் சென்டர்களும் முடிகிற இடத்தில் அவர் கடை. தலைமாட்டைத் திருகித் தூக்குகிற இரும்புக் கட்டில், காற்றடைத்த மெத்தை, சக்கர நாற்காலி, ஆக்சிஜன் மெஷின், எல்லாம் விலைக்கும் கிடைக்கும், வாடகைக்கும் கிடைக்கும். "வீட்ல வச்சுப் பாத்துக்கங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டால், சொந்தக்காரர்கள் அடுத்து வந்து ஏறுகிற படி அவருடையது. அந்தப் படியில் யாரும் சிரித்துக்கொண்டு ஏறி நான் பார்த்ததில்லை. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. 'கட்டில் கிடைக்கும்' என்று ஒரு தகரம் மட்டும் தொங்கும். அண்ணனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் வழி கேட்டால் யாரும் காட்டமாட்டார்கள்.

நான் அப்போது, கடைகளுக்குக் கார்டு தேய்க்கிற மெஷின் வைத்துக்கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். அவனியாபுரத்திலிருந்து சமயநல்லூர் வரைக்கும் என் எல்லை. மெஷின் வைப்பது, பேப்பர் ரோல் மாட்டுவது, கதவில் ஸ்டிக்கர் ஒட்டுவது, கமிஷன் பிடித்தம் பற்றிக் கடைக்காரர் திட்டும்போது மெஷின் சார்பாக நின்று வாங்கிக்கொள்வது, இவ்வளவும் என் உத்தியோகம். அந்த ஸ்டிக்கரில் நாலு கார்டு கம்பெனிகளின் முத்திரை வரிசையாக இருக்கும். மேனேஜர் சொல்வார்: "நாலுல ஒண்ண மறுத்தாலும் அந்தக் கடை நம்ம கடை இல்ல, பாத்துக்க."

முதல் நாள் வெயிலில் அலைந்துவிட்டுக் கடைக்குள் போனவன், காலியாக இருந்த ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரி" என்றார்.

"கால் வலிக்குதுண்ணே. ஒரு நிமிஷம்."

"அதுக்குத்தான் எந்திரிங்கிறேன். கால் வலிக்குதுன்னு உக்காந்தவுக எத்தன பேரு எந்திரிக்கவே இல்ல தெரியுமா? எந்திரிடா!"

அப்படித் துள்ளி எழுந்தவன் நான். அந்தக் கடையில் இருபது சக்கர நாற்காலி இருக்கும், உட்கார ஒரு நாற்காலி கிடையாது. அவரே ஒரு இரும்பு ஸ்டூலில்தான் உட்காருவார். சுவரில் காலண்டர் இல்லை, கடிகாரமும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "இங்க வர்றவுக நாள எண்ணிக்கிட்டுத்தான் வாராக. நாம வேற எடுத்துக் காட்டணுமாக்கும்" என்றார்.

மெஷினுக்கான விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். கடையின் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டதற்கு, 'புண்ணாக்கு ஸ்டோர்' என்று போட்ட ஒரு பழைய லைசென்ஸை எடுத்து நீட்டினார். அந்தக் கட்டடத்தில் அவருடைய அப்பா புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் விற்றவர். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாகியும், மகன் வருடா வருடம் அதே லைசென்ஸைத்தான் புதுப்பித்துக்கொண்டிருந்தார். பேங்க் கணக்கும் அதே பெயரில்தான். வேறு பெயர் எழுத விதியில்லை. முதலில் லைசென்ஸை மாற்றுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கோ மாதக் கடைசி, டார்கெட்டுக்கு ஒரு கடை குறைந்தது. 'புண்ணாக்கு ஸ்டோர், மதுரை' என்று இங்கிலீஷ் எழுத்தில் கட்டம் கட்டமாக நிரப்பி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கட்டில் வாங்குகிறவரின் பில்லில் இந்தப் பெயர்தான் போய் விழும் என்பது எனக்குத் தெரியும். அதனால் என்ன கெட்டுவிடப்போகிறது என்று நினைத்தேன்.

மெஷினோடு ஒரு பேசும் டப்பாவும் கொடுத்தோம். க்யூஆரில் பணம் விழுந்தால், இத்தனை ரூபாய் வந்தது என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தும். ஒரு வாரம் கழித்துப் போனால் டப்பாவைக் காணோம். தேடினால், பஞ்சு ரோல் அடுக்கியிருந்த அலமாரியில் அதற்குள் புதைத்து வைத்திருக்கிறார். உள்ளேயிருந்து யாரோ தலையணையில் முகம் புதைத்துப் பேசுவது போல ஒரு சத்தம் வந்தது.

"ஏண்ணே இப்பிடி?"

"அழுதுகிட்டு நிக்கிறவன் முன்னாடி நாலாயிரம் வந்துருச்சு நாலாயிரம் வந்துருச்சுன்னு கத்துது. அறிவு கெட்ட டப்பாவா இருக்கு. இத மெல்லப் பேசச் சொல்லி ஒங்க ஆபீஸ்ல சொல்லு, மிஷினு."

ஆமாம், எனக்கு அவர் வைத்த பெயர் மிஷினு. என் அப்பா அம்மா வைத்த பெயரை அவர் கேட்டதே இல்லை.

கட்டில் கொண்டுபோய் இறக்குவதும் அவரேதான். சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி. அதை முப்பதுக்கு மேல் ஓட்டமாட்டார். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துத் தொண்டை கட்டினாலும் சரி. "கட்டில் வேகமா வந்து எறங்குனா வீட்டுக்காரவுக மெரளுவாக" என்பார். டெலிவரி சலான் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். தேதி, சாமான், முகவரி எல்லாம் முத்து முத்தாக எழுதியிருக்கும். 'பெற்றுக்கொண்டவர் கையொப்பம்' என்ற இடம் மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை காலி. "ஆஸ்பத்திரில எங்கெங்கயோ கையெழுத்துப் போட்டு நொந்து போயி வீட்டுக்கு வந்திருப்பாக. நானும் போயி பேனாவ நீட்டவா?" என்று கேட்பார். தொழில் என்றால் ஒரு கையெழுத்து வேண்டாமா என்று அவரோடு நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். காதில் வாங்கியதில்லை.

சாமான் ஏறியதும், வந்தவரின் முகத்தைப் பார்த்து, "நல்லாயிருவாக. இனிமே இந்தப் பக்கம் வராதீக" என்பார். அவருக்குத் தெரிந்த ஒரே ஆசீர்வாதம் அதுதான்.

இப்படி இருந்த மனிதரின் கடைக்கு ஒருநாள் மத்தியானம், வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். நான் அன்றைக்குப் பேப்பர் ரோல் மாட்டப் போயிருந்தேன். அவருடைய அப்பா சமயநல்லூரில் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். பத்து நாள் லீவில் வந்திருக்கிறார், அதில் ஏழு நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டது. கட்டில், காற்று மெத்தை, ஆக்சிஜன் மெஷின், எல்லாம் இருப்பதிலேயே நல்லதாக வேண்டும் என்றார்.

"வாடகைக்கு எடுத்துக்கங்க தம்பி. தேவையில்லாதப்போ திருப்பிக் குடுத்துறலாம்" என்றார் அண்ணன்.

அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு வாடகைக்கு? எங்கப்பா இன்னும் ரொம்ப வருஷம் இருப்பாரு. வெலைக்கே குடுங்க."

அண்ணன் பில் போட உட்கார்ந்தார். ஒன்றேகால் லட்சம் ஆயிற்று. அவர் நீட்டிய கார்டு, ஸ்டிக்கரில் இருந்த மூன்றாவது முத்திரை. நான்தான் வாங்கி மெஷினில் செருகினேன். அண்ணன் மறுநாள் காலையில் குட்டியானையை உருட்டிக்கொண்டு சமயநல்லூர் போய்க் கட்டிலை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். வழக்கம்போலக் கையெழுத்து வாங்கவில்லை.

மகன் வெளிநாடு போய்ச் சேர்ந்து மூன்றாவது வாரம், அப்பா இறந்துபோனார். லீவு கிடைக்காமல், கொள்ளி வைப்பதை அந்த மகன் போனில்தான் பார்த்தாராம். அந்த நாட்களில்தான் அவருக்குக் கார்டு பில் வந்திருக்கிறது. ஸ்கேன், மருந்து, டிக்கெட் என்று எத்தனையோ செலவு. ரூபாய் எல்லாம் டாலராக மாறி வேறு எண்ணாகியிருக்கிறது. நடுவில் ஒரு பெரிய தொகைக்கு எதிரே 'புண்ணாக்கு ஸ்டோர், மதுரை' என்று இருக்கிறது. அப்பாவைப் பறிகொடுத்த நேரத்தில் எவனோ புண்ணாக்கு வாங்கித் தன் கார்டில் எழுதிவிட்டான் என்றுதான் யாருக்கும் தோன்றும். 'இது நான் வாங்கியதில்லை' என்ற பட்டனை அமுக்கிவிட்டார்.

கார்டு கம்பெனி அந்தப் பணத்தை அண்ணன் கணக்கிலிருந்து அப்படியே உருவிக்கொண்டது. பத்து நாளுக்குள், சாமான் வந்து சேர்ந்தது என்று வீட்டார் கையெழுத்திட்ட சலானைக் கொடுத்தால் பணம் திரும்பும், இல்லாவிட்டால் அவ்வளவுதான் என்று எனக்கு மெயில் வந்தது. கட்டில் கம்பெனிக்கு அண்ணன் கட்ட வேண்டிய பணமும் அதுதான், கடை வாடகையும் அதுதான். விண்ணப்பத்தில் அந்தப் பெயரை எழுதிய கை என்னுடையது.

"வாங்கண்ணே, போயி ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துருவோம். அஞ்சு நிமிஷ வேலை" என்றேன்.

"துட்டி வீட்டுக்குப் போகணும்தான். போவோம்" என்றார்.

குட்டியானையில் கிளம்பினோம். முப்பதில். சமயநல்லூர் போய்ச் சேர்வதற்குள் சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திப் போனதை என் கண்ணால் பார்த்தேன். வாசலில் பந்தல் பிரிக்கவில்லை. உள்ளே மாலை போட்ட படமும் விளக்கும். கூடத்தில் கட்டில் அப்படியே கிடந்தது, மெத்தையில் இன்னும் காற்று இருந்தது. இறந்தவரின் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணனைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"ஒரு புண்ணு வரலண்ணே முதுகுல. என் மகன் வாங்கிக் குடுத்த கட்டில்ல ராசா மாதிரிப் படுத்திருந்தாரு. மகன் வாங்குனது, மகன் வாங்குனதுன்னு வர்றவுக போறவுகளுக்கெல்லாம் தடவித் தடவிக் காட்டுனாரு."

நான் அண்ணனின் முழங்கையை இடித்தேன். சலான் அவர் சட்டைப்பையில் இருந்தது. பேனாவும் இருந்தது. அவர், யாரோ கொண்டுவந்து கொடுத்த காபியைக் குடித்தார். நான் மறுபடி இடித்தேன். டம்ளரில் மிச்சமிருந்த காபி அவர் வேட்டியில் கொட்டியது. துடைத்துக்கொண்டார்.

"இதப் பாக்க முடியலண்ணே. கொண்டு போயிருங்க" என்றார் அந்த அம்மா.

"சரிம்மா" என்று எழுந்தார். கட்டிலைத் தானே கழற்றினார். விலைக்குக் கொடுத்த சாமானைத் திருப்பி எடுத்தால் பாதிப் பணம் கொடுப்பது அவர் கடை வழக்கம். மடியிலிருந்து எடுத்து எண்ணி, குறைந்ததற்கு என் பர்ஸையும் காலி செய்து, மீதியை நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லி அந்த அம்மாவின் கையில் வைத்தார். துட்டி வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடாது. ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தோம்.

வண்டியில் ஏறியதும் வெடித்துவிட்டேன். "முழுப் பணமும் போச்சு, பாதிப் பணம் கையிலருந்தும் போச்சு! நீங்க யாவாரியா என்ன? ஒரு கையெழுத்துண்ணே! ஒத்தக் கையெழுத்து!"

"கையெழுத்து எதுக்குன்னு அந்தம்மா கேட்டா என்ன சொல்ல?"

"நெசத்தச் சொல்லுங்க. ஒங்க மகன் வாங்கலேன்னு எழுதிப்புட்டாருன்னு சொல்லுங்க."

வண்டியை ஓரமாக நிறுத்தினார். "மகன் வாங்குனதுன்னு தடவித் தடவிக் காட்டிட்டுச் செத்துருக்காரு அந்த மனுசன். அந்தம்மாகிட்டப் போயி, ஒன் மகன் அத வேணாம்னு எழுதிட்டான்னு சொல்லச் சொல்றியா?"

"அப்ப அந்த மகனுக்காவது போன் பண்ணுவோம். தெரியாமத்தான செஞ்சாரு. சொன்னா ஒடனே சரி பண்ணிருவாரு."

"பண்ணிருவான். பணம் வந்துரும். பெறகு, அப்பனுக்கு வாங்குன கடைசிக் கட்டிலப் போயி புண்ணாக்குன்னு நெனச்சு வேணாம்னுட்டோமேன்னு ஆயுசுக்கும் நோவான். நேர்ல வந்து பாக்கவும் குடுத்து வைக்காத பய. எவனோ புண்ணாக்குக்காரன் ஏமாத்திப்புட்டான்னு வஞ்சுட்டு நிம்மதியா இருக்கட்டும், விடு."

"தப்பு என்னோடதுண்ணே. பேர எழுதுனது நானு."

"எங்கப்பன் காலத்து லைசென்ஸ மாத்தாதது நானு. ரெண்டு பேரும் தப்பு. வாய மூடிட்டு வா" என்று வண்டியை எடுத்தார்.

மறுநாள் நான் போனபோது கதவு ஸ்டிக்கரில் மூன்றாவது முத்திரையின் மேல் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. புண்ணுக்குப் போடுகிற அதே பிளாஸ்திரி. நாலு மூலையும் விரலால் நீவி, அழகாக ஒட்டியிருந்தார்.

"அண்ணே, மத்த மூணு கார்டுலயும் இதே மாதிரி நடக்கலாம்ணே."

"நடந்துச்சா?"

"இன்னும் நடக்கல."

"அப்ப அது நல்ல கார்டு. இது வேணாம்."

எவ்வளவோ விளக்கினேன். கார்டின் மேல் தப்பில்லை, பெயரில்தான் தப்பு, பெயரை மாற்றினால் போதும் என்றேன். புதுப் பெயர் வைக்க ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தோம். கட்டில் கடைக்கு என்ன பெயர் வைப்பது? 'நல்வரவு' என்றேன், அடிக்க வந்தார். 'ஆயுள்' என்றேன், "யாரக் கிண்டல் பண்ற?" என்றார். 'நிம்மதி' என்று சொல்லிவிட்டு நானே வாயைப் பொத்திக்கொண்டேன். கடைசியில், "புண்ணாக்குன்னே இருக்கட்டும்டா. அந்தப் பேருக்கு யாரும் பயப்பட மாட்டாக" என்று முடித்துவிட்டார்.

அப்புறம் நடந்த கூத்துதான் பெரிது. அந்த மூன்றாவது கம்பெனிக் கார்டோடு யாராவது வந்தால் வாங்கி முன்னும் பின்னும் பார்ப்பார். "இது ஆகாது. வேற குடுங்க" என்பார். வேறு இல்லை என்றால், "பரவால்ல, கட்டிலக் கொண்டுபோங்க. ஒங்களுக்கு எப்ப தோதுப்படுதோ அப்பக் குடுங்க" என்று அனுப்பிவிடுவார். அதாவது, நிச்சயமாகப் பணம் வருகிற கார்டை மறுத்துவிட்டு, வருமா வராதா என்று தெரியாத மனிதரை நம்புவார். தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கமிஷன் ஜாஸ்தி, அதனால்தான் என்றார் மருந்துக்கடைக்காரர். பணம் கணக்கில் விழ ஒரு வாரம் ஆகுமாம் என்றார் ஸ்கேன் சென்டர்காரர். வருமானவரிப் பயம் என்று ஒரு பேச்சு. டீக்கடைக்காரர் மட்டும், "அண்ணனுக்குச் சனி நடக்குது. ஜோசியர் மூணாம் நம்பர் வேணாம்னுட்டாரு" என்று அடித்துச் சொன்னார். எனக்குக் காரணம் தெரியும். டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

விஷயம் என் மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. கடைக்காரர் கார்டை மறுப்பதற்கான காரணத்தைப் படிவத்தில் எழுதி வாங்கிவரச் சொன்னார். படிவத்தில் நாலு கட்டம்: கமிஷன், நெட்வொர்க், தாமதம், மெஷின் பழுது. ஒரு மகன் நோகக்கூடாது என்பதற்கு அதில் கட்டம் இல்லை. 'மற்றவை' என்று ஒன்று கடைசியில் இருந்தது. அதில் டிக் அடித்தேன். "மற்றவைன்னா என்னய்யா?" என்று மேனேஜர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் மற்றவைதான் சார் என்றேன். கொஞ்ச நாளில் அந்த வேலையும் என்னை விட்டுப் போனது. அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. வேற நல்ல வேலையாப் பாரு. இனிமே இந்தப் பக்கம் வராத" என்றார். சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

அதன்பிறகு நான் பத்திரிகைப் பக்கம் வந்து, இப்படி எழுதிப் பிழைக்க ஆரம்பித்தேன். போன வருடம் டி. கல்லுப்பட்டியில் என் அப்பா விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு மாதம். பிறகு ஒருநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் என் தோளில் கை வைத்து, "வீட்ல வச்சுப் பாத்துக்கங்க" என்றார். கால்கள் தாமாகவே பின்பக்கத் தெருவுக்கு நடந்தன.

என்னைப் பார்த்ததும் அண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். படியில் நான் ஏறிய விதத்திலேயே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

"யாருக்குடா?"

"அப்பாவுக்குண்ணே."

ஒரு கட்டிலின் மேலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, "வாடகைக்கு எடுத்துக்க, மிஷினு" என்றார்.

"இல்லண்ணே. வெலைக்கே வாங்கிக்கிறேன். எங்கப்பா ரொம்ப நாளைக்கு இருப்பாரு."

சொன்ன பிறகுதான் யார் சொன்ன வார்த்தை அது என்று எனக்கே உறைத்தது. கையில் இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரியில் கரைந்துபோய், என்னிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு கார்டு. அது மூன்றாவது முத்திரை.

"கார்ட உள்ள வையி. கட்டிலக் கொண்டுபோ. காசு பெறகு பாத்துக்கலாம்."

"வேணாம்ணே. எங்கப்பாவுக்கு நான் வாங்குனதா இருக்கணும்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கதவருகே போனார். பிளாஸ்திரியின் ஒரு மூலையை நகத்தால் நிமிண்டி, புண்ணிலிருந்து எடுப்பது போலவே மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார். அடியில் முத்திரை பாதி அழிந்து, பசை வெள்ளையாகத் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. மெஷினைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நீயே தேயி. எனக்குக் கை வரல" என்றார்.

டி. கல்லுப்பட்டி வரைக்கும் முப்பதில் வந்து கட்டிலை மாட்டிக் கொடுத்தார். அப்பா அதை நாற்பத்தோரு நாள் வைத்திருந்தார். அவரும் வந்தவர்களிடமெல்லாம் தடவிக் காட்டினார்.

எல்லாம் முடிந்து அண்ணன் வந்து கட்டிலைக் கழற்றிக்கொண்டு, அம்மாவின் கையில் பாதிப் பணத்தை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். நான் அதுவரை அழவில்லை. மொட்டை போட்டபோதும் அழவில்லை, தண்ணிக் குடம் உடைத்தபோதும் அழவில்லை. எத்தனையோ பேர் வந்து கட்டிப்பிடித்தும் கண்ணில் சொட்டு வரவில்லை, எனக்கே அது வெட்கமாக இருந்தது. காரியம் முடிந்த வாரம், இரண்டு மாதமாகப் பார்க்காமல் போட்டிருந்த கார்டு பில்களை எடுத்தேன். மருந்து, ஸ்கேன், மருந்து, ஆம்புலன்ஸ் என்று பார்த்துக்கொண்டே வந்தவன், 'புண்ணாக்கு ஸ்டோர், மதுரை' என்ற வரியில் முட்டிக்கொண்டு நின்றேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். புண்ணாக்கைப் பார்த்து ஒரு ஆண்பிள்ளை இப்படித் தேம்பித் தேம்பி அழுவதை அவர் பார்த்திருக்கமாட்டார்.

அடுத்த நாள் மதுரைக்குப் போனேன். அண்ணன் ஸ்டூலில் இருந்தார். கதவில் பிளாஸ்திரி திரும்ப ஏறியிருந்தது, புதுசாக. நான் நேராகப் போய்ச் சலான் புத்தகத்தை எடுத்து, எங்கள் வீட்டுப் பக்கத்தைத் தேடி, 'பெற்றுக்கொண்டவர் கையொப்பம்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இடம் மிச்சமிருந்தது. 'கட்டில் வந்தது. அப்பா சௌகரியமாகப் படுத்திருந்தார்' என்றும் எழுதினேன். அந்தப் புத்தகத்தில் அதுதான் முதல் கையெழுத்து.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். புத்தகத்தை மூடி, பஞ்சு ரோல் அலமாரியில், பேசும் டப்பாவுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார்.

"வேல முடிஞ்சிருச்சுல்ல. கெளம்பு. இனிமே இந்தப் பக்கம் வராத."

போன செவ்வாய்க்கிழமையும் போயிருந்தேன். "வராதேன்னு சொன்னேன்லடா" என்று படி ஏறும்போதே ஏசினார். ஸ்டூலுக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு ஸ்டூல் போட்டிருந்தார். டீ ஏற்கெனவே ரெண்டு சொல்லியிருந்தார்.